உண்டியலும் ஒலிப்பெட்டியும்

2024-ஆம் ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அப்போது ஏழு வயதான என் பேத்தியை அழைத்துக்கொண்டு கல்யாண் மார்க்கெட்டுக்குக் காய்கறி வாங்கப் போயிருந்தேன். கீரை, கத்திரிக்காய், ஒரு தேங்காய். கடைக்காரர் மாட்டியிருந்த அட்டைக்கு நேரே கைப்பேசியைக் காட்டினேன். அவருடைய ஒலிப்பெட்டி தொகையை உரக்கச் சொன்னது. பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினோம்.

வழியில் ஒரு பொம்மைக் கடை. குழந்தை நின்றுவிட்டாள். "இன்னிக்கு வேண்டாம் கண்ணு, தாத்தாகிட்ட பணம் இல்லை" என்றேன். அவள் என் சட்டைப் பையை எட்டிப் பார்த்தாள். "போன்ல சார்ஜ் இருக்கே தாத்தா!" என்றாள்.

கேட்டவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து யோசித்தபோது சிரிப்பு வரவில்லை. குழந்தையின் மீது தவறில்லை. அவள் கண்ணால் கண்டதைத்தான் சொன்னாள். போனைக் காட்டினால் சாமான் வருகிறது, ஒரு பெட்டி பேசுகிறது. எங்கிருந்தோ சம்பாதித்து வந்த பணம் அந்த நொடியில் நம்மை விட்டுப் போனது என்பதை அவள் எப்படி அறிவாள்?

பார்த்தே கற்ற காலம்

நம்மில் மூத்தவர்களுக்கு யாரும் பணத்தைப் பற்றிப் பாடம் நடத்தவில்லை. பார்த்துக் கற்றுக்கொண்டோம். நான் ரயில்வேயில் சேர்ந்த காலத்தில் சம்பளம் ரொக்கமாகத்தான் வரும். முதல் தேதி இரவு வீட்டில் நோட்டுகளைப் பாயில் பரப்பிப் பிரித்துவைப்போம். மளிகைக் கடை பாக்கிக்கு இவ்வளவு, பள்ளிக்கூடக் கட்டணத்துக்கு இவ்வளவு, பால்காரருக்கு இவ்வளவு, ஊருக்கு மணியார்டர் அனுப்ப இவ்வளவு. குழந்தைகள் சுற்றி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். கடைசியில் மிஞ்சும் கட்டு எத்தனை மெலிதாக இருக்கிறது என்பது அவர்களுக்கும் தெரியும். அதனால் மாதக் கடைசியில் யாரும் பொம்மை கேட்கமாட்டார்கள்.

இன்று சம்பளம் வருவதும் தெரிவதில்லை, போவதும் தெரிவதில்லை. ஊருக்கு அனுப்பும் பணமும் படுக்கையில் படுத்தபடியே போய்ச் சேர்ந்துவிடுகிறது. பெரியவர்களுக்கு இது பெரிய வசதி. அந்த வசதியை வேண்டாமென்று சொல்ல நான் வரவில்லை. ஆனால் கண்ணுக்குத் தெரியாமல் போன பணத்தைக் குழந்தைக்குக் கண்ணில் காட்டுவது இப்போது நம் பொறுப்பு. அதற்கு எங்கள் வீட்டில் கைக்கொண்ட சில வழிகளையும், நான் செய்த ஒரு தவறையும் எழுதுகிறேன்.

முதலில் கையில் காசு

நான்கு வயது முதல் ஆறு வயது வரை சேமிப்பு, வட்டி என்றெல்லாம் பேசுவது வீண். அந்த வயதில் காசைக் கையால் தொட்டுப் பழகினால் போதும். ஒரு ரூபாய், இரண்டு, ஐந்து, பத்து, இருபது ரூபாய் நாணயங்களைத் தட்டில் கொட்டி இனம் பிரிக்கச் சொல்லுங்கள். இருபது ரூபாய் நாணயத்துக்குப் பன்னிரண்டு பக்கம் என்பதைக் குழந்தையே எண்ணிக் கண்டுபிடிக்கட்டும். பத்து ரூபாயை எத்தனை விதமாக அடுக்கலாம் என்று கேளுங்கள். கணக்குப் பாடமும் இதிலேயே நடந்துவிடும்.

நோட்டுகளில் இன்னொரு விளையாட்டும் உண்டு. இப்போதுள்ள நோட்டுகளின் பின்புறத்தில் பத்து ரூபாய்க்குக் கோனார்க், இருபதுக்கு எல்லோரா, ஐம்பதுக்கு ஹம்பி, நூறுக்கு குஜராத்திலுள்ள ராணி கி வாவ் படிக்கிணறு, இருநூறுக்கு சாஞ்சி, ஐந்நூறுக்கு தில்லி செங்கோட்டை என்று படங்கள் இருக்கின்றன. அதே பக்கத்தில் பதினைந்து மொழிகளில் தொகை வரிசையாக அச்சிட்டிருக்கும். மேலிருந்து எண்ணிக்கொண்டு வந்தால் பதின்மூன்றாவது வரி தமிழ். மராத்தியும் ஆங்கிலமும் படிக்கும் நம் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்து ஒரு நோட்டிலாவது தினமும் கண்ணில் படுகிறது. "இதில் நம் எழுத்து எங்கே?" என்று கேட்டுப் பாருங்கள். என் பேத்தி எழுத்துக் கூட்டிப் படித்த முதல் தமிழ்ச் சொற்களில் 'நூறு' ஒன்று. 2010-இல் அரசு ஏற்றுக்கொண்ட ரூபாய்க் குறியீட்டை வடிவமைத்த உதயகுமார் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர், நம் பக்கத்திலுள்ள மும்பை ஐ.ஐ.டி.யில் படித்தவர் என்பதையும் சேர்த்துச் சொல்லலாம்.

வாரத்தில் ஒரு நாளாவது கடைக்கு ரொக்கம் எடுத்துச் செல்லுங்கள். கொத்தமல்லிக் கட்டையோ எலுமிச்சம் பழத்தையோ குழந்தையே விலை கேட்டு, காசு கொடுத்து, மீதிச் சில்லறையை எண்ணி வாங்கட்டும். பின்னால் நிற்பவர் அவசரப்பட்டால் ஓர் ஓரமாக நின்று எண்ணட்டும். சில்லறைக்குப் பதில் மிட்டாய் கொடுத்தால், "எனக்குக் காசுதான் வேண்டும்" என்று சொல்லவும் பழகட்டும்.

மூன்று டப்பா

ஏழு வயதில் வாரப்படி கொடுக்கத் தொடங்கலாம். தொகை பெரிதாக இருக்கவேண்டாம். நாங்கள் இருபது ரூபாயில் தொடங்கினோம். ஞாயிற்றுக்கிழமை காலை, பத்து ரூபாய் நாணயங்கள் ஒன்றும் ஐந்து ரூபாய் நாணயங்கள் இரண்டுமாகக் கொடுப்பது வழக்கம். சில்லறையாகக் கொடுத்தால்தான் பிரிக்க முடியும்.

மூன்று டப்பாக்களில் 'செலவு', 'சேமிப்பு', 'கொடுக்க' என்று குழந்தையே தமிழில் எழுதி ஒட்டவேண்டும். எதில் எவ்வளவு போடுவது என்பது அவள் முடிவு. பெரியவர்கள் ஒரே ஒரு விதிதான் வைக்கலாம்: மூன்றும் காலியாக இருக்கக்கூடாது. 'கொடுக்க' டப்பாவில் சேர்வது கோயில் உண்டியலுக்கோ, கணபதி விழா வசூலுக்கோ, வீட்டு வேலைக்கு வரும் அம்மாவின் மகளுக்கு ஒரு பென்சில் டப்பா வாங்கவோ போகலாம். அதையும் குழந்தையே தேர்ந்தெடுக்கட்டும்.

தன் தட்டைக் கழுவுவது, படுக்கையை மடிப்பது போன்ற வேலைக்கெல்லாம் காசு கொடுக்காதீர்கள். அவை வீட்டில் இருப்பவர் செய்யவேண்டிய வேலை. இன்று தட்டுக்கு இரண்டு ரூபாய் கொடுத்தால், நாளை தண்ணீர் கொண்டுவரச் சொன்னாலும் விலை கேட்பார்கள். பரீட்சை மதிப்பெண்ணுக்குப் பணம் கொடுப்பதும் எனக்கு உடன்பாடில்லை.

சேமிப்பு டப்பாவுக்கு ஒரு குறி இருக்கவேண்டும். 'பெரியவளான பிறகு உதவும்' என்பது குழந்தைக்கு ஒரு குறியே அல்ல. எட்டு வாரத்தில் வாங்கக்கூடிய ஒரு வண்ணப் பென்சில் பெட்டி நல்ல குறி. அதன் படத்தை டப்பாவில் ஒட்டி, வாரந்தோறும் ஒரு கட்டம் நிரப்பச் சொல்லுங்கள். ரயில் பாதையில் கிலோமீட்டர் கல் இருப்பதுபோல, எவ்வளவு வந்தோம், இன்னும் எவ்வளவு பாக்கி என்று தெரிந்தால்தான் நடப்பவருக்குச் சோர்வு தெரியாது.

விலையைப் படிக்கக் கற்பது

எட்டு, ஒன்பது வயதில் பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படிக்கச் சொல்லிக் கொடுக்கலாம். ஐந்து ரூபாய் பிஸ்கட்டும் பத்து ரூபாய் பிஸ்கட்டும் பக்கத்தில் வைத்து நிகர எடையைப் பார்க்கட்டும். எடையை விலையால் வகுத்தால் ஒரு ரூபாய்க்கு எத்தனை கிராம் என்று வந்துவிடும். விலை ஏறாத பொட்டலத்தில் எடை குறைவதையும் இப்படித்தான் கண்டுபிடிக்க முடியும். பெரிய பொட்டலம் எப்போதும் மலிவு என்று நினைக்கிறோம். சில பொருள்களில் சின்னப் பொட்டலமே மலிவாக இருக்கும். என் பேத்தி ஷாம்பூவில் இதைக் கண்டுபிடித்து என் மனைவியிடம் சொன்னபோது, நாற்பது வருடமாகக் குடும்பம் நடத்துகிறவள் வாயடைத்துப் போனாள்.

அதிகபட்ச விலை என்று அச்சிட்டிருப்பது எல்லா வரிகளும் சேர்ந்தது, அதற்கு மேல் கேட்கக்கூடாது, குறைத்துக் கொடுக்கலாம் என்பதையும் சொல்லிவையுங்கள்.

தவறு செய்ய விடுங்கள்

2025 கோடை விடுமுறையில் ஊருக்குப் போனோம். டிக்கெட் எடுக்கும்போதே குழந்தையைப் பக்கத்தில் உட்கார வைத்தேன். ஐந்து வயது முடிந்து பன்னிரண்டு வயது நிறையாத குழந்தைக்குத் தனிப் படுக்கை வேண்டுமென்றால் முழுக் கட்டணம், வேண்டாமென்றால் பாதிக் கட்டணம். 2016 ஏப்ரல் முதல் இந்த விதி இருக்கிறது. "உனக்குத் தனிப் படுக்கையா, அம்மாவோடு ஒட்டிக்கொள்கிறாயா?" என்று கேட்டோம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு தாளில் எழுதிப் பார்த்தாள். தனிப் படுக்கைதான் வேண்டுமென்றாள், எடுத்தோம். விலை தெரிந்து எடுத்த முடிவு என்பதுதான் முக்கியம்.

பயணச் செலவுக்கென்று அவள் கையில் நூறு ரூபாய் கொடுத்தோம். "சென்னை வரைக்கும் இதுதான். தீர்ந்தால் வேறு கிடையாது. சாப்பாடு எங்கள் பொறுப்பு. தின்பண்டம் உன் பொறுப்பு" என்றோம். கர்ஜத்தில் மலையேற்றத்துக்காகப் பின்னால் எஞ்சின் சேர்ப்பதற்கு வண்டி நிற்கும். அங்கே வடாபாவ். லோனாவ்லா சிக்கி அடுத்தது. புணே வருவதற்குள் அவள் கையில் ஏழு ரூபாய்தான் மிச்சம். மறுநாள் விடியற்காலை குண்டக்கல் தாண்டியதும் மாம்பழச் சாறு வந்தது. குழந்தை என் முகத்தைப் பார்த்தாள், அவள் பாட்டி முகத்தைப் பார்த்தாள். பாட்டியின் கை பர்ஸுக்குப் போய்விட்டது. நான் கண்ணால் தடுத்தேன்.

ஒரு குழந்தையை அழவைத்துப் பாடம் கற்பிப்பதா என்று என் மனைவிக்குக் கோபம். ஆனால் யோசித்துப் பாருங்கள். ஒரு புட்டி பழச்சாற்றோடு போகிற தவறு அது. எட்டு வயதில் நூறு ரூபாயில் செய்ய விடாத தவறை, இருபத்தெட்டு வயதில் கடன் அட்டையில் செய்வார்கள். திரும்பி வரும்போது கொடுத்த நூறு ரூபாயில் கல்யாண் வந்து இறங்கும்போது முப்பத்தைந்து ரூபாய் மிச்சம் வைத்திருந்தாள். யாரும் எதுவும் சொல்லவில்லை.

நான் உடைத்த உண்டியல்

இத்தனை யோசனை சொல்லும் நான், என் மகனிடம் சரியாக நடந்துகொள்ளவில்லை.

1994-இல் அவனுக்கு எட்டு வயது. ஊர்த் திருவிழாவில் வாங்கிய மண் உண்டியல் ஒன்று வைத்திருந்தான். கிரிக்கெட் மட்டை வாங்கக் காசு சேர்த்துக்கொண்டிருந்தான். ஊருக்குப் போகும்போது அத்தையும் மாமாவும் "வச்சுக்கோடா" என்று கையில் திணித்த பணமும் அதில்தான் இருந்தது. அந்த வருடம் ஒரு மாதக் கடைசியில், ஊரில் என் தகப்பனாருக்கு உடம்பு மோசம் என்று செய்தி வந்தது. இரவோடிரவாகக் கிளம்பவேண்டும். கையில் இருந்தது போதவில்லை. அவன் தூங்கிக்கொண்டிருந்தபோது உண்டியலை உடைத்தேன். நூற்று நாற்பத்து மூன்று ரூபாய் இருந்தது.

திரும்பி வந்து, "அடுத்த மாதம் போட்டுவிடுகிறேன்" என்றேன். அடுத்த மாதம் வேறு செலவு வந்தது. அதற்கடுத்த மாதம் எனக்கு மறந்துவிட்டது. அவன் கேட்கவே இல்லை. அவன் கேட்காததை, விஷயம் புரிந்த பிள்ளை என்று நான் பெருமையாக நினைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு அவன் உண்டியலில் காசு போட்டு நான் பார்த்ததில்லை.

பேத்தியின் டப்பாக்களுக்கு நான் காகிதம் ஒட்டிக்கொண்டிருந்த அன்று என் மகன் பின்னால் நின்று பார்த்துவிட்டு, "அப்பா, இதையாவது உடைக்காம இருப்பீங்களா?" என்று கேட்டான். சிரித்துக்கொண்டுதான் கேட்டான். முப்பது வருடம் கழித்தும் அந்தத் தொகை இருவருக்கும் நினைவிருந்தது.

அவசரத்துக்குப் பணம் எடுத்தது தவறில்லை என்றே இன்றும் நினைக்கிறேன். காலையில் அவனை எழுப்பிச் சொல்லியிருக்கவேண்டும். ஒரு தாளில் 'அப்பா வாங்கிய கடன் ரூ. 143' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கவேண்டும். மாதம் பத்து ரூபாயாவது திருப்பியிருக்கவேண்டும். அப்படிச் செய்திருந்தால், குடும்பத்துக்கு உதவினோம் என்ற நிறைவும், கடன் என்பது திருப்பித் தரவேண்டியது என்ற பாடமும் அவனுக்குக் கிடைத்திருக்கும். நான் செய்ததில் அவன் கற்றது ஒன்றுதான்: சேர்த்துவைத்தால் பெரியவர்கள் எடுத்துக்கொள்வார்கள். சேமிக்கும் பழக்கத்துக்கு அடிப்படை நம்பிக்கை. போட்ட இடத்தில் பணம் இருக்கும் என்ற நம்பிக்கையால்தான் நாமும் வங்கியில் போடுகிறோம். குழந்தைக்கு முதல் வங்கி நாம்தான்.

உறவினர் கொடுக்கும் பணத்தை "பத்திரமாக வைக்கிறேன்" என்று வாங்கி வீட்டுச் செலவில் கலந்துவிடுகிற வழக்கம் நம் எல்லார் வீட்டிலும் உண்டு. ஒரு சின்ன நோட்டில் குழந்தையின் கண்ணெதிரே எழுதிவைக்கவாவது செய்யுங்கள்.

வட்டியும் எச்சரிக்கையும்

வட்டி என்றால் என்ன என்று பேத்திக்கு விளக்க அந்தப் பழைய கடனையே எடுத்துக்கொண்டேன். நூற்றுக்கு எட்டு வீதம் கூட்டு வட்டி என்று வைத்துக்கொண்டால் ஒரு தொகை ஏறக்குறைய ஒன்பது வருடத்தில் இரட்டிப்பாகும். 143 ரூபாய் ஒன்பது வருடத்தில் 286, பதினெட்டு வருடத்தில் 572, இருபத்தேழு வருடத்தில் 1,144. பிறகு சரியான கணக்குக்குக் கால்குலேட்டரில் வருடா வருடமாகப் பெருக்கினாள். முப்பது வருடத்துக்கு மொத்தம் 1,439 ரூபாய் வந்தது. அந்தத் தொகையை ஒரு உறையில் போட்டு, வட்டிக் கணக்கையும் சேர்த்து என் மகனிடம் கொடுத்தேன். முதலில் வாங்க மறுத்தான். பிறகு வாங்கி எண்ணிப் பார்த்து, "ஒரு ரூபாய் நாணயம் குறையுதுப்பா" என்றான். தேடிக் கொடுத்தேன்.

வீட்டில் ஒரு 'தாத்தா வங்கி'யும் நடத்தலாம். சேமிப்பு டப்பாவில் ஒரு மாதம் முழுவதும் தொடாமல் இருந்த ஒவ்வொரு பத்து ரூபாய்க்கும் ஒரு ரூபாய் வட்டி. குழந்தைக்கு ஆண்டுக் கணக்கு எட்டாது, மாதக் கணக்குதான் புரியும். ஆனால் உண்மையையும் கூடவே சொல்லிவிடுங்கள். வெளியில் சேமிப்புக் கணக்கில் நூற்றுக்கு நான்கு என்றால் அது ஒரு வருடத்துக்கு நான்கு ரூபாய். தாத்தா வங்கி தருவதுபோல மாதம் நூற்றுக்குப் பத்து தருகிறேன் என்று வெளியாள் யாராவது சொன்னால் அங்கே நிற்காதே என்று பேத்தியிடம் சொல்லியிருக்கிறேன். 1990-களில் தமிழ்நாட்டில் அதிக வட்டி ஆசை காட்டிய நிதி நிறுவனங்கள் பல மூடியபோது, ஓய்வூதியப் பணத்தைத் தொலைத்தவர்களை நம்மில் பலர் அறிவோம். படித்தவர்களே ஏமாந்தார்கள். இந்த ஒரு எச்சரிக்கை மட்டும் சின்ன வயதிலேயே மனதில் பதிந்துவிட்டால் நல்லது.

பத்து வயதில் பாஸ் புத்தகம்

வாரம் பத்து ரூபாய் சேமித்தால் ஆண்டுக்கு 520 ரூபாய். அஞ்சலகத்தில் சேமிப்புக் கணக்கு தொடங்கக் குறைந்தபட்சம் 500 ரூபாய் வேண்டும். ஆக ஒரு தீபாவளியில் ஆரம்பித்தால் அடுத்த தீபாவளிக்குக் கணக்குத் தொடங்கக் குழந்தையின் சொந்தப் பணமே போதும். பத்து வயதுக்குக் குறைந்த குழந்தைக்குப் பெற்றோரோ காப்பாளரோ கணக்குத் தொடங்கவேண்டும். பத்து வயது நிறைந்த பிள்ளை தன் பெயரிலேயே தொடங்கித் தானே கையெழுத்துப் போட்டு நடத்தலாம். வங்கிகளிலும் பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் தாமே கணக்கு நடத்த ரிசர்வ் வங்கி அனுமதித்திருக்கிறது. எவ்வளவு தொகை வரை என்பதை அந்தந்த வங்கி முடிவு செய்யும். மாதம் 100 ரூபாயிலிருந்து அஞ்சலகத்தில் ஐந்தாண்டுத் தொடர் வைப்பும் உண்டு.

பணம் கட்டும் படிவத்தைப் பிள்ளையே நிரப்பட்டும். வரிசையில் நின்று, பாஸ் புத்தகத்தில் பதிவாகி வருவதைத் தன் கண்ணால் பார்க்கட்டும்.

பெண் குழந்தைக்காக 2015-இல் வந்த செல்வமகள் சேமிப்புத் திட்டத்தில் பலர் பணம் கட்டி வருகிறீர்கள். பத்து வயதுக்குள் தொடங்கவேண்டிய நல்ல திட்டம். ஆனால் அது நாம் குழந்தைக்காகச் சேமிப்பது. குழந்தை தானாகச் சேமிக்கக் கற்பது வேறு. ஒன்று இருப்பதால் மற்றது வேண்டாம் என்று இருந்துவிடாதீர்கள்.

கைப்பேசியில் பணம் செலுத்தும் ரகசிய எண்ணை மட்டும் குழந்தையிடம் சொல்லவேண்டாம். விளையாட்டுச் செயலிகளில் காசு போவதற்கு அந்த எண்தான் வாசல். ஆனால் பணம் செலுத்தும் ஒவ்வொரு முறையும், "இப்போது நூற்றெண்பது ரூபாய் போயிற்று, மீதி இவ்வளவு" என்று குழந்தை காதில் விழும்படி சொல்லுங்கள். கடைக்காரரின் பெட்டி வந்த பணத்தைச் சொல்கிறது. போன பணத்தை நாம் சொல்வோம். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது நம் பெரியோர் வாக்கு. இன்றைய ஆறு கண்ணுக்குத் தெரியாமல் ஓடுகிறது, அவ்வளவுதான்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள்

ஒவ்வொரு பொங்கல் விழாவிலும் நம் சங்கத்தில் உணவுக் கடைகள் போடுகிறோம். அடுத்த பொங்கலுக்கு ஒரு கடையைப் பத்து வயதிலிருந்து பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகளிடமே ஒப்படைக்கலாம். சுண்டலோ பானகமோ போதும். முதலுக்குச் சங்கம் ஆயிரம் ரூபாய் கடன் கொடுக்கட்டும். கொள்முதல், விலை, விற்பனை, கணக்கு எல்லாம் அவர்கள் பொறுப்பு. ரொக்கம் மட்டுமே வாங்கவேண்டும். மாலையில் முதலைத் திருப்பிக் கொடுத்து, லாபமோ நஷ்டமோ மேடையில் வந்து தமிழில் கணக்குப் படிக்கவேண்டும்.

சென்ற செயற்குழுக் கூட்டத்தில் இதைச் சொன்னபோது, "நஷ்டம் வந்தால்?" என்று ஒரு நண்பர் கேட்டார். வந்தால் வரட்டும். ஆயிரம் ரூபாய்க்கு மேல் போகாதே! பெரியவர்கள் யாரும் அன்று மாலை குறைந்த பணத்தைச் சத்தமில்லாமல் பெட்டியில் போட்டுவிடாமல் இருந்தால் போதும். என் மனைவியிடமும் இதை முன்கூட்டியே சொல்லிவைத்திருக்கிறேன்.